நீலக் கதவு, மூன்றாம் முறை

கிண்டர்ஸ்லியிலிருந்து சாஸ்கட்டூனுக்கு
இருநூறு கிலோமீட்டர்.
மைனஸ் முப்பத்தொன்று.
ஜெபக்கனி ஓட்டினாள்.
கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பனியை
நூலக அட்டையால் நான் சுரண்டிக்கொண்டே வந்தேன்.
பின்சீட்டில் முகில்வண்ணன்,
மடியில் காகிதப் பூமாலை,
காலடியில் இரண்டு சதவீதப் பால், நான்கு லிட்டர்,
போஸ்டருக்கு ஊற்ற.
ரோஸ்டவுன் தாண்டும்போதே அது கல்.

ஒன்பது மாதமாய் எங்களுக்கு வேறு பேச்சில்லை.
டீசர் வரப்போகிறது என்பதற்கே ஒரு டீசர் வந்தது.
ஒரு நாள் நாயகனின் செருப்பு மட்டும்.
மறுவாரம் செருப்பின் நிழல்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை எனக்கு.
ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து
அடுத்தவரிடம் போகும் வழியில் நின்று
அந்த நிழலை விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
பழைய செருப்பா, புதுசா?
பழையதுதான் என்றாள் ஜெபக்கனி.
நம்பினோம்.

ஏனென்றால் முதல் பாகத்தில்,
ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவன்
தன் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.
உள்ளே தாழ் போட்டிருக்கும்.
பையில் முப்பது கம்பி. ஒன்றையும் எடுக்கமாட்டான்.
தட்டுவான். காத்திருப்பான். மறுபடி தட்டுவான்.
ஏழு நிமிடம்.
இசை கிடையாது,
தெருவில் யாரோ குடம் இறக்கிவைக்கும் சத்தம் மட்டும்.
திறந்தார்களா என்று கடைசிவரை காட்டவே இல்லை.
அன்று திருச்சியில்
விசிலடிக்க வந்த கூட்டம்
வாயில் வைத்த விரலை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் பாகம் சுமார்தான்.
விட்டுக்கொடுத்தோம், வேண்டியவர் வீட்டுக் கல்யாணத்தில்
சாம்பாரில் உப்பில்லாததைப் போல.

இப்போது மூன்று.
அதே வாசல். அதே நீலக் கதவு.
எனக்கு நெஞ்சை அடைத்தது.
தட்டினான்,
ஒரே ஒரு தடவை.
பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தான்.
அன்று தனக்குள் முணுமுணுத்த வரியை
இன்று எங்களுக்கே சொன்னான், மூன்று முறை,
கூலிங் கிளாஸைக் கழற்றி, மாட்டி, கழற்றி.
உதைத்தான்.
கதவோடு பதினான்கு பேர் பறந்தார்கள்.
அவன் வீட்டுக்குள் அவர்களுக்கு என்ன வேலை என்று
யாரும் கேட்கவில்லை.
குடத்தின் சத்தமும் இருந்தது, ட்ரம்ஸோடு.
விசிலடித்தோம். நானும்தான்.
டிக்கெட் இருபத்தெட்டு டாலர்.

கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு சாவி சுழன்று
நான்கு என்று ஆனது.

வெளியே,
இன்ஜினை ஓடவிட்டுப் பனி சுரண்ட இறங்கிய ஜெபக்கனி
கதவைச் சாத்தினாள்.
பூட்டிக்கொண்டது.
சாவி உள்ளே, நன்றாகத் தெரிந்தது.
'எட்டி உதைக்கவா?' என்றான் முகில்வண்ணன்.
யாரும் சிரிக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து ஒரெஸ்ட் என்றொருவர் வந்தார்.
அறுபது வயதிருக்கும். வணக்கம்கூடச் சொல்லவில்லை.
கதவிடுக்கில் ஒரு சிறு பையைச் செருகிக் காற்றடைத்தார்.
கையுறையைக் கழற்றினார், விரல்களில் ஊதினார்,
நீளமான கம்பியை உள்ளே விட்டார்.
கம்பி பொத்தான்வரை போய் நழுவியது.
எங்களோடு படம் பார்த்த பத்துப் பன்னிரண்டு பேர்
வீட்டுக்குப் போகாமல் சுற்றி நின்றார்கள்.
மறுபடி நழுவியது.
கையுறையை மாட்டினார். காத்திருந்தார். கழற்றினார்.
யாரோ பனியில் கால் மாற்றி வைக்கும் சத்தம்.
யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை,
விட்டிருந்தால் அந்தக் குளிரில் புகையாய்த் தெரிந்திருக்கும்.

டிக்.

முகில்வண்ணன் மாலையை எடுக்கப் போனான்,
ஜெபக்கனி முறைத்தாள், விட்டுவிட்டான்.
எண்பத்தைந்து டாலர். ரசீது எழுதித் தந்துவிட்டு
ஒரெஸ்ட் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரோஸ்டவுன்வரை யாரும் பேசவில்லை.
ஹீட்டர் சூட்டில் பால் இளகி
ஒவ்வொரு வளைவிலும் குலுங்கியது.
'செருப்பு என்னவோ பழசுதான்' என்றாள் ஜெபக்கனி.
நான் கண்ணாடியைச் சுரண்டினேன்.